மேல, கீழ

பணகுடிக்குத் தெக்கே காற்றாலையின் ஏணியில்
இருநூற்று எண்பத்தாறு படி.
ரெண்டு கையும் கம்பியில் இருக்கையில்
மணிக்கட்டை மட்டும்தான் பார்க்கலாம்.
கடையில் தந்த முகப்பில்
எத்தனை அடி நடந்தேன், எத்தனை கலோரி எரிந்தது,
நியூயார்க்கில் மணி என்ன, எல்லாம் இருந்தது.
காற்று இல்லை.

ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு
செல்போனில் ஏஐயிடம் கேட்டேன்.
எனக்கு நிரல் தெரியாது.
கிரீஸ் தெரியும், போல்ட் முறுக்கு தெரியும்.
'மேக்காத்து அடிச்சா செவப்பு காட்டணும்,
கொண்டல் அடிச்சா பச்சை.'
'நிச்சயமாக' என்றது.
எதற்கும் அது நிச்சயமாகத்தான்.
நாற்பது விநாடியில் முந்நூறு வரி.
வாட்ச்சில் ஏற்றிப் பார்த்தால்
பஞ்சுமிட்டாய் போல் உப்பி
பச்சை நிறத்தில் ஒரு மேகம்.

அகராதியில் கொண்டல் என்றால் மேகமாம்.
'இங்கன அது கெழக்கேயிருந்து வார காத்து வே.'
மன்னிப்புக் கேட்டது, மேகத்தை எடுத்தது,
அந்த இடத்தில் ஒரு அம்பை நட்டது.
அம்பு காட்டுவது
காற்று வருகிற திசையா, போகிற திசையா?
அதை நான் சொல்லவில்லை. தப்பு என் மேல்.

'தமிழ் எண்களில் அமைக்கட்டுமா?'
தானாகவே கேட்டது. சரி என்றேன்.
ரெண்டு மணி இருக்க வேண்டிய இடத்தில்
பிள்ளையார் சுழி.
கூட ஏறுகிற மாசானம் பார்த்துவிட்டு
'முள்ளு அங்க வாரப்போ தேங்கா ஒடைக்கணுமோ' என்றான்.

ஆனி பிறந்தது.
குற்றாலத்துக்குச் சாரலாய்ப் போகிற காற்று
எங்களைக் கணவாயில் நிறுத்தி அறைந்தது.
கோபுரத்தின் கதவைத் திறக்கத் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.
வாட்ச்சில் பச்சை. பதினாலு கிலோமீட்டர்.
உள்ளே பேனலில் விநாடிக்குப் பதினெட்டு மீட்டர்.
எங்கேயிருந்து எடுக்கிறாய் என்றேன்.
'அருகிலுள்ள வானிலை நிலையம்.'
அருகில் என்றால் பாளையங்கோட்டை.
அங்கே ஏதோ ஒரு வேம்பு லேசாய் அசைந்ததை
என் கையில் காட்டியிருக்கிறது.
அன்று ஏறவில்லை.
காற்றை அழித்துவிட்டேன்.

ஆவுடைச்செல்வி வள்ளியூர் மருந்துக் கடையில் பில் போடுகிறாள்.
'காத்து எனக்கெதுக்கு?
எறங்கிட்டியளா இல்லியா, அதச் சொல்லச் சொல்லுங்க.'
என் வாட்ச்சுக்கு உயரம் தெரியும்,
காற்றின் அழுத்தத்தை அளந்து.
அவள் கைக்கு ஒரு முகப்பு:
கருப்பில் ஒரே சொல்.
ஏறினால் மேல. இறங்கினால் கீழ.
'மேலே, கீழே என்று திருத்தவா?'
வேண்டாம் என்றேன்.
அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

மூன்று வாரம் பிரேக் பேட் மாற்றும் வேலை.
அவள் பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே
மணிக்கட்டைத் திருப்புவாளாம்.
ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது:
'எல்லாம் சரி. இதுல மணி எங்க?
அஞ்சு நாப்பது பஸ்ஸ விட்டாச்சு.'

மணியையும் சேர்த்தோம்,
ஓரத்தில், மிளகளவு.
தெரியவில்லை என்றாள்.
பெரிதாக்கச் சொன்னால் சொல் சின்னதாகிறது;
அதற்கும் ஒப்பவில்லை.

ஐப்பசியில் கடலில் தாழ்வு மண்டலம்.
ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த நடுச்சாமத்தில்
அவள் கையில் வெளிச்சம்:
மேல.
அழுத்தம் இறங்கினால் நான் ஏறினேன் என்று
அதற்குக் கணக்கு.
பக்கத்தில்தான் படுத்திருந்தேன், பாதித் தூக்கத்தில்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு இருட்டில் கையை நீட்டி
என் கணுக்காலைத் தடவிப் பிடித்து
'கீழதான்' என்று சொல்லிவிட்டுத்
திரும்பிப் படுத்தாள்.